மகளுக்கு வரும் உதவித்தொகையில் குழுக் கடனைக் கட்டலாமா?

கேள்வி: நான் தையல் வேலைக்குப் போகிறேன். என் கணவர் சுமை தூக்கும் தொழிலாளி. முதுகில் அடிபட்டதிலிருந்து அவரால் முன்போல் வேலைக்குப் போக முடியவில்லை. அரசு உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு எழுதி, உதவித்தொகைக்குத் தேர்வாகி, இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். குழுக் கடன் தவணை இரண்டு மாதமாக நிலுவையில் நிற்கிறது. பணம் வந்ததும் அதைக் கட்டிவிடலாம் என்று என் நாத்தனார் சொல்கிறார். மகளும், “நீங்களே எடுத்துக்கோங்கம்மா, எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்கிறாள். அவள் அப்பா இது பற்றி வாயே திறப்பதில்லை. பக்கத்திலுள்ள மெட்ரிக் பள்ளியில் பாதிக் கட்டணத்துக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். இதற்கிடையே, பள்ளியில் நடக்கவிருக்கும் பாராட்டு விழாவுக்கு வரமாட்டேன் என்று மகள் அழுகிறாள். எனக்கு வழி சொல்லுங்கள்.

பதில்: சகோதரிக்கு வணக்கம். உங்கள் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். மனத்திறன் தேர்வில் 90 கேள்விகள், படிப்பறிவுத் தேர்வில் 90 கேள்விகள் என்று இரண்டு தாள்களை ஒரே நாளில் எழுதி, மாநிலம் முழுவதிலுமிருந்து வந்த பிள்ளைகளோடு போட்டியிட்டு அவள் இந்த இடத்தைப் பெற்றிருக்கிறாள். அவள் அழுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கடனுக்குக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டினால் தடுக்கவோ, எதற்குச் செலவழித்தீர்கள் என்று பில் கேட்கவோ யாரும் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஆனாலும் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. மத்திய அரசு 2008-ஆம் ஆண்டு இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்ததே, வீட்டுப் பணமுடையால் எட்டாம் வகுப்போடு நின்றுவிடக்கூடிய பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளியில் இருத்துவதற்காகத்தான். மாதம் ரூ.1,000 என்ற கணக்கில் ஆண்டுக்கு ரூ.12,000 வீதம் நான்கு ஆண்டுகளுக்கு ரூ.48,000 கிடைக்கும். இதைத் தவணைக்குக் கொடுத்தால் சில மாத நிலுவை தீரும். அதற்கடுத்த மாதம் தவணைக்காரர் வரும்போது, உங்கள் கணவரின் வருமானம் குறைந்துபோனது குறைந்தபடியேதான் இருக்கும், மகளின் கையிலும் ஒன்றும் இருக்காது. கடனுக்கான வழியைக் கடன் கொடுத்தவரிடமும் கணவரின் வருமானத்திலும்தான் தேட வேண்டுமே தவிர, மகளின் கணக்கில் தேடக் கூடாது.

அந்த வழிகளில் உங்களுக்கு உடனே பயன்படக்கூடியவை இரண்டு உண்டு. கடன் கொடுத்தது மைக்ரோபைனான்ஸ் நிறுவனம் என்றால், 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதிகள் உங்களுக்குத் துணை. ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதந்தோறும் கட்ட வேண்டிய தொகை, அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக் கடன் கொடுக்கக் கூடாது. தவணை கட்டச் சிரமப்படுபவர்களை அடையாளம் கண்டு, அவர்களுக்குள்ள வழிகளை எடுத்துச் சொல்ல நிறுவனத்தில் ஏற்பாடு இருக்க வேண்டும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது. ஆகவே கணவரின் மருத்துவச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்கே சென்று, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். தவணை வாங்க வருபவரிடம் வாசலில் நின்று சொல்வது எங்கும் பதிவாகாது. மகளிர் சுயஉதவிக் குழு வழியாக வங்கியில் வாங்கிய கடன் என்றால், குழுத் தலைவியோடு வங்கி மேலாளரைப் பாருங்கள். இரண்டாவது, உங்கள் கணவர் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள். விபத்து உதவிக்கும் பிள்ளைகளின் கல்வி உதவிக்கும் அந்த வாரியத்தில் தனித்தனியே விண்ணப்பிக்கலாம். அட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டுப் புதுப்பிக்காமல் விட்டிருக்கும் குடும்பங்கள் ஏராளம்.

இனி, “எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று உங்கள் மகள் சொன்னதற்கு வருகிறேன். இதைக் கேட்டு உங்கள் மனம் குளிர்ந்திருக்கும்; அவளுடைய நல்ல மனத்தை நானும் சந்தேகிக்கவில்லை. ஆயினும், பள்ளிப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பேசுவதே தொழிலாக உள்ளவன் என்ற முறையில், இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கவலை வரும். வீட்டில் பணம் இல்லை என்பதை நன்றாக அறிந்த பிள்ளை, தனக்கென்று ஒன்று கிடைத்தவுடன் அதைக் குற்றம்போல் உணர்ந்து கொடுத்துவிடப் பார்க்கிறது. அதை நாமும் வாங்கிக்கொண்டு, “என் பொண்ணு இப்பவே சம்பாதிச்சுக் குடுக்குறா” என்று நான்கு பேரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டால், அன்று முதல் அவள் அந்த வீட்டின் சம்பாதிக்கும் ஆளாகிவிடுகிறாள். பிறகு ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் மதிப்பெண் குறைந்தால், மதிப்பெண் குறைந்துவிட்டதே என்று மட்டும் அவள் பயப்பட மாட்டாள். வீட்டுக்கு வரும் பணம் நின்றுவிடுமே என்றும் பயப்படுவாள். பயத்தோடு படிக்கிற பிள்ளை தெரியாததை வகுப்பில் எழுந்து கேட்காது. பத்தாம் வகுப்பு முடித்ததும், மாதம் ரூ.1,000 வருகிற பள்ளியைவிட மாதம் சில ஆயிரம் தருகிற வேலை வீட்டுக்கு நல்லது என்று அவளாகவே ஒரு கணக்குப் போடுவாள். நாம் போட்டுக் கொடுத்த கணக்குதான் அது என்பதால், அப்போது நம்மால் மறுத்துப் பேசவும் முடியாது.

எனவே அவளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “கடன் அப்பாவும் அம்மாவும் வாங்கினது, நாங்க கட்டிக்குவோம். இந்தப் பணம் நீ படிக்கிறதுக்கு வந்தது, உன் படிப்புக்கே இருக்கட்டும்.” இதை ஒரு முறை சொன்னால் போதும். அதன் பிறகு பாத்திரம் கழுவும்போது கடனைப் பற்றி அவள் காதுபடப் புலம்பாமல் இருப்பதுதான் கடினம். அதற்காகக் கடனை அவளிடம் மறைக்கச் சொல்லவில்லை. எவ்வளவு கடன், எப்போது தீரும் என்பதை அவளுக்குப் புரியும்படி சொல்லிவிட்டால், தெரியாத ஒன்றைக் கற்பனையில் பெரிதாக்கிக்கொண்டு பயப்பட மாட்டாள்.

ஒருவேளை மருத்துவச் செலவு போன்ற தள்ளிப்போட முடியாத தேவை வந்து, வேறு வழியே இல்லாமல் அந்தப் பணத்தில் கைவைக்க நேர்ந்தால், அவளிடம் கடனாகக் கேட்டு வாங்குங்கள். தேதியும் தொகையும் அவளுடைய நோட்டிலேயே எழுதி நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். நூறு இருநூறாகவேனும் திருப்பிக் கொடுத்து, கொடுக்கக் கொடுக்க அவள் கையாலேயே அடித்துவிடச் சொல்லுங்கள். மகளிடம் கணக்கு வைப்பதா என்று உங்கள் நாத்தனார் சிரிக்கலாம், சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் பணம் எப்படியும் வரும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே வெளியில் வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள். இந்தத் தொகை மாதந்தோறும் ஆயிரமாக வருவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக வருவதுதான் நடைமுறை, அதுவும் கல்வியாண்டு முடியும் தறுவாயில்கூட வரலாம்.

படிப்புக்கு என்று வைத்தால் எதற்குச் செலவழிப்பது என்று நீங்கள் கேட்கலாம். அரசுப் பள்ளியில் பாடநூலும் பஸ் பாஸும் இலவசம்தான். ஆனால் மாலையில் உங்கள் வீட்டில் அவள் எங்கே உட்கார்ந்து படிக்கிறாள் என்று ஒரு நாள் கவனியுங்கள். கட்டிலில் குனிந்தபடி, தன் நிழலே நோட்டின் மேல் விழ எழுதிக்கொண்டிருந்தால், ஒரு சிறிய மேசையும் மேசை விளக்கும் முதல் செலவாகட்டும். மிச்சத்தைத் தொடாமல் விட்டுவைத்தாலும் நல்லதே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கல்லூரி விண்ணப்பங்கள், சான்றிதழ் நகல்கள், கலந்தாய்வுக்குப் போய்வரும் செலவு என்று ஒரே மாதத்தில் பணம் கரையும் காலம் வரும். அவள் பெயரில் மாதாந்திர சேமிப்பாகப் போட்டுவைப்பது உங்கள் விருப்பம்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். தன் கைக் கூலி நின்றுபோன அதே காலத்தில் மகளின் பெயரில் வீட்டுக்குப் பணம் வருவது ஒரு தகப்பனுக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கும், உள்ளே சுருக்கென்று குத்தவும் செய்யும். அவருடைய மௌனத்தைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சமாதானம் சொல்வதைவிட அவரிடம் வேலையைக் கொடுப்பது மேல். உதவித்தொகைக்கு இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் அலைய வேண்டியிருக்கும். முதுகு வலியோடும் செய்யக்கூடிய வேலைகள்தான் இவை. அந்தப் பொறுப்பு முழுவதையும் அவர் ஏற்கட்டும். இந்தப் பணத்தை வீட்டுக்கு எடுக்கப் போவதில்லை என்று உங்கள் நாத்தனாரிடம் சொல்ல வேண்டியவரும் அவர்தான். நீங்கள் சொன்னால் அது நாத்தனாருக்கும் தம்பி மனைவிக்கும் நடந்த வாக்குவாதமாக முடியும். அவர் சொன்னால் அக்காவிடம் தம்பி சொன்ன முடிவாக நிற்கும்.

அந்த அலைச்சல் என்னென்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தேர்வில் வென்ற பிள்ளைகள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். தேர்வுப் பட்டியலில் பெயர் வந்ததால் மட்டும் பணம் வந்துவிடாது. ஒன்பதாம் வகுப்பில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஆதாரைக் கொண்டு ஒருமுறைப் பதிவு செய்து, அந்த எண்ணோடு புதிய விண்ணப்பம் அனுப்ப வேண்டும். அதைப் பள்ளியில் இதற்கென உள்ள பொறுப்பாசிரியர் சரிபார்த்து அனுப்ப, பிறகு மாவட்ட அளவில் இன்னொரு முறை சரிபார்ப்பார்கள். இரண்டில் எந்த இடத்தில் நின்றாலும் பணம் வராது. பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்தல் விண்ணப்பம் போட வேண்டும். முதலாண்டு வந்ததே, இனித் தானாக வரும் என்று இருந்துவிடக் கூடாது. விண்ணப்பிக்க அரசுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்த இணையதளத்திலேயே பார்க்கலாம். உங்கள் மகளே செல்பேசியில் பார்த்துவிடுவாள்.

அடுத்தது பெயர். ஆதார் அட்டையில் இனிஷியல் பெயருக்குப் பின்னாலும், பள்ளிப் பதிவேட்டில் பெயருக்கு முன்னாலும், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலுக்குப் பதில் அப்பாவின் முழுப்பெயருமாக இருப்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வழக்கமான தலைவலி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்தோ பிறந்த தேதியோ மாறியிருந்தால் எதைத் திருத்துவது என்று பொறுப்பாசிரியரிடம் கேட்டு, விண்ணப்பம் திறக்கும் முன்பே திருத்திவிடுங்கள்.

வங்கிக் கணக்கு மகளின் பெயரிலேயே இருக்க வேண்டும், ஆதாரோடும் இணைந்திருக்க வேண்டும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருக்கிறோம் என்பது வேறு, நேரடிப் பணப்பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கு இணைக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு. ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும், ஆதார் வழியாக அரசு அனுப்பும் பணம் கடைசியாக இணைத்த ஒரே கணக்குக்குத்தான் போகும். முன்பு பள்ளியிலேயே முகாம் போட்டு அஞ்சலகக் கணக்கு எதுவும் தொடங்கியிருந்தால், பணம் அங்கே போய் விழுந்திருக்க, நீங்கள் வேறொரு வங்கியில் காத்திருப்பீர்கள். எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்பதை வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் சேமிப்புக் கணக்கைத் தானே இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது என்பதால், பாஸ்புக்கில் வரவு பதியப் போகும்போதெல்லாம் அவளையும் கூட்டிப்போங்கள். “உதவித்தொகை ஆபீஸிலிருந்து பேசுகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்று யார் அழைத்தாலும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

உதவித்தொகை தொடர, ஒன்பதிலிருந்து பத்துக்கும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 60 விழுக்காடு, அதாவது 500-க்கு 300 மதிப்பெண் எடுக்க வேண்டும். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. இந்தத் தேர்வில் தேறிய பிள்ளைக்கு 300 எட்டாத உயரமன்று. ஆகவே அந்த எண்ணை அவள் தலைக்கு மேல் கத்தியாகத் தொங்கவிடாமல், நிபந்தனை இது என்று ஒரு முறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

மெட்ரிக் பள்ளி விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: வேண்டாம். இந்த உதவித்தொகை அரசு, அரசு உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் தொடர்ந்து படிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. சுயநிதித் தனியார் பள்ளிக்குப் போன அன்றே அது நின்றுவிடும். அதைவிடப் பெரிய இழப்பு பிறகு தெரியவரும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் தமிழ்நாட்டில் 7.5 விழுக்காடு இடங்கள் உள் ஒதுக்கீடாகக் கிடைக்கின்றன. அப்படிச் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டமும் 2022 முதல் இருக்கிறது. இடையில் தனியார் பள்ளிக்குப் போய்விட்டால் இவை எல்லாம் கைவிட்டுப் போகும். பாதிக் கட்டணம் என்று சொல்பவர்கள் மிச்சப் பாதி எவ்வளவு, வேன் கட்டணம் எவ்வளவு, அடுத்த ஆண்டும் இதே சலுகை உண்டா என்பதை எழுதித் தரமாட்டார்கள். பத்தாம் வகுப்பு முடிவு வெளியானதும் வாசலில் வைக்கும் பேனருக்கு ஒரு படம் தேவைப்படுவதும் இந்த அழைப்புக்குக் காரணமாக இருக்கலாம்.

உங்கள் மகளின் பள்ளியில் ஏதேனும் ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத குறை இருந்தால், பக்கத்திலுள்ள இன்னோர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றலாம், உதவித்தொகை பாதிக்காது. உயர்நிலைப் பள்ளி என்பதால் பதினொன்றாம் வகுப்புக்கு எப்படியும் மாறத்தான் வேண்டியிருக்கும். எப்போது மாறினாலும் இணையதளத்தில் பள்ளி விவரத்தையும் மாற்றும்படி இரண்டு பள்ளிகளிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி விழா விஷயத்துக்கு வருகிறேன். அவள் அழுவது மேடைக் கூச்சத்தால் மட்டும் இருக்காது. இப்படிப்பட்ட விழாக்களில், “தந்தை வேலைக்குப் போக முடியாத நிலையில், தாய் தையல் தைத்துப் படிக்க வைக்கும் ஏழை மாணவி” என்று ஒலிபெருக்கியில் அறிமுகம் செய்வது நல்லெண்ணத்தோடுதான் நடக்கிறது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பவர்கள் அவளோடு ஒரே பெஞ்சில் இருப்பவர்கள். அடுத்த நாள் இடைவேளையில் அவர்களை அவள் பார்த்தாக வேண்டும். பதினான்கு வயதில் அது சின்ன விஷயமன்று. எதற்காக அழுகிறாய் என்று நேரடியாகக் கேட்காமல், “மேடையில் உன்னைப் பத்தி என்ன சொன்னா உனக்குப் பிடிக்கும், என்ன சொன்னா பிடிக்காது?” என்று கேளுங்கள். அவள் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, விழாவுக்கு முன்பே உங்கள் கணவரும் மகளும் தலைமையாசிரியரைப் போய்ப் பார்க்கட்டும். குடும்ப நிலையைப் பேசாமல் தேர்வில் வென்றதை மட்டும் சொல்லும்படியும், பேனரில் படம் போடுவதானால் அவளைக் கேட்டுவிட்டுப் போடும்படியும் கேட்டுக்கொண்டால் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் மறுக்கமாட்டார்கள். அதற்குப் பிறகும் அவள் வர விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். சான்றிதழைத் தலைமையாசிரியர் அறையில் வாங்கிக்கொண்டாலும் உதவித்தொகை வரும். போகும் அன்றே ஆதார், பாஸ்புக், வருமானச் சான்றிதழ் மூன்றின் நகல்களையும் எடுத்துச் சென்று, பொறுப்பாசிரியரிடம் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்துக்கொண்டு, விண்ணப்பத்துக்கான கடைசித் தேதியையும் கேட்டு வந்துவிடட்டும்.